கிழப்பூனைக்குப் போட்ட கையெழுத்து

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னால் வர வேண்டியது பின்னால் வந்துவிட்டால், தப்பு யார் மேல் என்பதே மாறிப்போகும். அதோடு, சம்பந்தப்பட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் ஒரே சுவர். இருமினால் கேட்கிற சுவர். கையெழுத்தைத் தவிர வேறு எதையும் அவர் படிக்கிறவர் இல்லை என்பதுதான் ஒரே தைரியம்.

தெருவில் அவருக்குப் பெயரே கையெழுத்துக்காரர். பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷமாகக் குமாஸ்தா. வீட்டிலும் அதே உத்தியோகம். வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நோட்டு, அதோடு நூலில் கட்டிய பேனா. குடை எடுத்தால் கையெழுத்து. கத்தரிக்கோல் எடுத்தால் கையெழுத்து. சாவியைத் திருப்பி வைத்தால் இன்னொன்று. போடுவது மனைவி. சரிபார்ப்பது அவர்.

அந்த மனைவி பின்னறையில் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருப்பாள். ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் துணி வெட்டுகிற மேஜை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான்.

அதற்கும் வந்தது ஆபத்து. அவருடைய அண்ணன், பெற்ற மகனோடு சண்டை போட்டுக்கொண்டு, மாசக் கடைசியில் இங்கே வந்து தங்கப்போவதாகச் சொல்லியனுப்பினார். போன தடவை பத்து நாள் என்று வந்தவர் பதினோரு மாசம் இருந்தார்.

"பின்னறைய அண்ணனுக்குக் காலி பண்ணிரு. மெஷின் மாடிப்படிக்கு அடியில போகட்டும்."

"அங்க இருட்டுங்க. ஊசியில நூல் கோக்க முடியாது."

"நீதானே எழுதிக் குடுத்திருக்க."

உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ காகிதக் கட்டுக்கு நடுவில் ஒரு தாளைச் செருகி நீட்டினார். 'தேவைப்பட்டால் பின்னறையை என் கணவர் வீட்டாருக்கு விடச் சம்மதிக்கிறேன்.' வாயில் நூல் நுனியோடு, பென்சிலில் பெருக்கல் குறி இருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"படிக்காம போட்டேங்க."

"அது உன் தப்பு. கையெழுத்துன்னா கையெழுத்துதான்."

அழுவாள் என்று காத்திருந்தார். அவள் அழவில்லை.

"சரி. அப்ப எனக்கு ஒரு பூனை வேணும். பிராணிகள் காப்பகத்துல குடுக்கறாங்களாம்."

பூனை என்றால் பதினைந்து வருஷத் தொல்லை. அவருடைய சாய்வு நாற்காலியில் படுக்கும். அவருடைய பாலைக் குடிக்கும். நோட்டில் கையெழுத்தும் போடாது. மறுக்க வாயைத் திறந்தவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கிழடாகப் பார்த்து எடுத்தால் என்ன? ரெண்டே மாசத்தில் அது போய்ச் சேரும். பூனை வாங்கிக் கொடுத்த புருஷன் என்ற பெயர் மிஞ்சும். அன்றைக்கு ஆபீசுக்கு அவர் நடந்த நடையே வேறு.

சனிக்கிழமை இருவரும் காப்பகத்துக்குப் போனார்கள். பினாயில் வாடை. கூண்டுக்குக் கூண்டு பழைய துண்டு விரித்திருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மா வந்தாள்.

"இருக்கிறதுலேயே வயசானது எதும்மா?"

"எல்லாரும் குட்டிதான் சார் கேப்பாங்க."

"எனக்குக் கொஞ்சம் இளகின மனசு."

மனைவி கூண்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூனைக்குப் பதினாறு வயசு. ஒரு கண் பால் பூத்திருந்தது. மற்றதும் அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது. பல் மூன்று. மூச்சு விட்டால் பழுதான மிக்ஸி. முகத்தில் அவருடைய பழைய மேலதிகாரியின் சாயல். இது மாசக் கடைசியே தாங்காது என்று அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

நாலு பக்கக் காகிதம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலில் பெருக்கல் குறி. குறியைக் கண்டால் அவர் கை தானாகப் போகும். கண் கூடப் போகாது. முப்பது வருஷப் பழக்கம். நாலு பக்கமும் அரை நிமிஷத்தில் முடிந்தன.

"வேகமா போடறீங்க சார்."

"தொழில்மா."

மாசக் கடைசி வந்தது. பூனை போகவில்லை. அண்ணன் வந்தார், இரண்டு பையும் ஒரு படுக்கைச் சுருளுமாக. மெஷினைத் தூக்க ஆளைக் கூப்பிடப் போனவரை மனைவி நிறுத்தினாள். பூனை படுத்திருந்த மெத்தைக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"மூணாம் பக்கம் படிங்க."

கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். போகப்போகக் குரல் தேய்ந்தது. 'பூனைக்குக் கண் சரியாகத் தெரியாது. சாமான் இருக்கும் இடத்தை வைத்தே அது நடமாடும். ஆகவே அதன் அறையில் எதையும் நகர்த்த மாட்டேன். ஜன்னலோரம் தையல் மெஷின். இடப்பக்கம் வெட்டும் மேஜை. பூனையும் என் மனைவியும் தவிர வேறு யாரையும் அங்கே தங்க விடமாட்டேன். காலையும் மாலையும் கண்மருந்து நானே விடுவேன்.' கீழே அவருடைய கையெழுத்து, வாலும் புள்ளியுமாக.

"இதெல்லாம் எப்ப எழுதினாங்க?"

"நாம போறதுக்கு முந்தின நாள். நீங்க ஆபீஸ்ல இருந்தப்ப அந்தம்மா வந்து அறையப் பாத்தாங்க."

"பூனையத் தேர்ந்தெடுத்தது நான்ல?"

"இருக்கிறதுலேயே கிழட்டப் பாத்துதான் எடுப்பீங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். இருபத்து நாலு வருஷமா உங்களோட இருக்கேனே."

"பென்சில் குறி?"

"நான்தான் போட்டேன். உங்ககிட்டக் கத்துக்கிட்டது."

"நான் படிக்காம போட்டேன். இது செல்லாது."

"அப்படியா. படிக்காம போட்டது செல்லாதுன்னா என்னோடதும் செல்லாது. அறை எனக்கு. செல்லும்னா அறை பூனைக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

அண்ணன் இன்னும் பையைக் கீழே வைக்கவில்லை. "என்னப்பா, ஒரு பூனைக்கு இருக்கிற இடம் கூட எனக்கு இல்லையா?"

கையெழுத்துக்காரர் கதவுக்குப் பின்னால் தொங்கிய நோட்டைப் பார்த்தார். செல்லாது என்றால் அந்த நோட்டையும் கழற்றி எறிய வேண்டும்.

"செல்லும்," என்றார்.

இப்போது அண்ணன் அவரோடு ஒரே கட்டிலில் படுக்கிறார், முக்கால் கட்டிலை எடுத்துக்கொண்டு. மனைவி பின்னறையில். பூனைக்கு அந்த மூச்சு பிறவியிலேயே அப்படியாம், இதயம் திடமாக இருக்கிறதாம். எட்டு மாசம் ஆகிறது. காலையும் மாலையும் பிறாண்டல் வாங்கிக்கொண்டு அவர் மருந்து விடுகிறார். விட்டதும் மனைவி நோட்டை நீட்டுகிறாள்.

"விட்டதுக்குக் கையெழுத்து."

ஜெயித்தும் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு பாடா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. பயந்த மாதிரியே ஆயிற்று. அந்த நாலாம் பக்கத்தில், அறை இப்படித்தான் இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து உண்டு. கோழி கிளறிய மாதிரி இருக்கும். அது என்னுடையது.

போன வாரம் அவர் தெரு விளக்குக்கு மனு என்று ஒரு தாளோடு வீடு வீடாக ஏறினார். விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. யார் கையெழுத்து அந்தச் சாட்சிக் கையெழுத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். என் வாசலுக்கு வந்து பேனாவை நீட்டினார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே," என்று இடது பெருவிரலைக் காட்டினேன்.

"பாவம்," என்று சொல்லி மைப்பெட்டியை அவரே திறந்து நீட்டினார்.