இரண்டு மொனாக்கோ

இந்த முறை மனைவியிடம் பொய்யே சொல்வதில்லை என்று சபினோ உறுதி பூண்டான். உண்மையை மட்டுமே சொல்லி அவளை ஏமாற்றுவது என்பது அவன் தீர்மானம்.

இத்தாலியின் பாரி நகரத் துறைமுகத்துக்குப் பின்புறம் அவனுக்கு ஒரு பூட்டுக் கடை. சாவிக் கடை என்று சொல்வோரும் உண்டு. கதைக்கு இரண்டும் பொருந்தும். ஊரில் எந்தப் பூட்டையும் திறப்பவனுக்கு வீட்டில் வாயைத் திறக்க மட்டும் வராது.

அவன் மனைவி அசுந்தாவுக்கு ஓர் ஆசை. மணமாகி முப்பது ஆண்டு நிறைவதைக் கடலோரக் குட்டி நாடான மொனாக்கோவில் கொண்டாட வேண்டும். சபினோவுக்கு வேறோர் ஆசை. ஜெர்மனியில், மியூனிக் நகரத்துப் பீர் திருவிழாவில், நண்பன் ருஜ்ஜேரோ பிடித்து வைத்திருக்கும் மேசையில் ஒருமுறையாவது உட்கார வேண்டும்.

இரண்டு ஆசைகளையும் சேர்த்து வைத்தது இத்தாலிய மொழி. அதில் மியூனிக்குக்கும் மொனாக்கோ என்றே பெயர். குழப்பம் வரக்கூடிய இடத்தில் மட்டும் அந்த மாநிலத்தின் பெயரைச் சேர்த்து 'பவேரியாவின் மொனாக்கோ' என்பார்கள். குழப்பம் வரட்டும் என்று காத்திருப்பவன் பவேரியாவை ஏன் இழுக்கப் போகிறான்?

"அசுந்தா, மொனாக்கோவுக்கு விமான டிக்கெட் போட்டுட்டேன்."

அவளுடைய முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"யாருக்கு?"

"நமக்குத்தான். ரெண்டு பேருக்கும்."

"நீயா? சொந்தக் காசுலயா?"

"ரெண்டு பீட்சா விலைதான். மலிவு விமானம்."

"சபினோ, மொனாக்கோவுல விமான நிலையமே கிடையாதே. பிரான்ஸ்ல நீஸ் ஊர்ல இறங்கி பஸ் பிடிக்கணும்னு என் தங்கச்சி சொன்னாளே."

சபினோவுக்குத் தொண்டையில் பாஸ்தா சிக்கியது. இது அவனுக்குத் தெரியாத செய்தி.

"அட, மலிவு விமானம் எது சொன்ன ஊர்ல இறக்குது? பாரிஸ்னு சொல்லி பக்கத்து மாவட்டத்துல தள்ளிட்டுப் போவான். மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க."

"சரி. நீ சொன்னா சரி."

முப்பது ஆண்டுகளில் 'நீ சொன்னா சரி' என்று அவள் சொன்னது அதுவே முதல் முறை. அறிவுள்ளவன் அஞ்சியிருப்பான். சபினோ இன்னும் கொஞ்சம் பாஸ்தா எடுத்துப் போட்டுக்கொண்டான்.

பயணத்துக்கு முந்தைய வாரம் விமானக் கம்பெனியோடு போர் மூண்டது. போர்க்களம் சபினோவின் செல்பேசி.

"இதென்ன அசுந்தா! முதல்ல ஏற முன்னுரிமை வேணுமான்னு கேக்குது. வேண்டாம்னா, நிச்சயமா வேண்டாமாங்குது. எங்கம்மா பரிமாறுற மாதிரியே இருக்கு."

"இப்ப என்ன கேக்குது?"

"நாம பக்கத்துல பக்கத்துல உக்காரக் கட்டணமாம்."

"கட்டணமா!"

"கட்டணம்னா கட்டணும். பெட்டிக்குக் கட்டணம், தண்ணிக்குக் கட்டணம். விமானம் ஏறுற சீட்டை நாமே போன்ல எடுத்துட்டா சும்மா. அங்க போய்க் கேட்டா டிக்கெட்டை விட அதிகம்."

"கொண்டா இப்படி. கடையில கொடுத்த பூட்டை உடைக்கிற மாதிரி குத்திட்டிருக்கே."

சபினோ தயங்கினான். திரையின் மூலையில் பவேரியா என்ற சொல் பொடி எழுத்தில் பதுங்கியிருந்தது. ஆனால் அசுந்தாவின் மூக்குக்கண்ணாடி அலமாரி மேல் கிடந்தது. துணிந்து கொடுத்தான்.

அவள் கட்டைவிரல் வெகுநேரம் விளையாடியது. நடுவில் அவனுடைய வங்கி அட்டையைக் கேட்டாள். இருக்கைக்காக இருக்கும் என்று கொடுத்தான்.

"முடிஞ்சுது. பேரெல்லாம் சரியாப் போட்டுட்டேன். சீட்டு என் போன்லயே இருக்கட்டும். நீ தொலைச்சுடுவே."

புறப்படும் நாளும் வந்தது. திருவிழாவுக்கென்று சபினோ ரகசியமாக வாங்கியிருந்த தோள்வார் வைத்த பவேரியத் தோல் கால்சட்டை, இலவசமாகக் கொண்டுபோக விடும் சின்னப் பையில் அடங்க மறுத்தது. அதை அணிந்துகொண்டு, மேலே கணுக்கால் வரை ஒரு கம்பளிக் கோட்டை மாட்டினான்.

"செப்டம்பர் வெயில்ல கோட்டு எதுக்குடா?"

"மொனாக்கோவுல குளிரும்."

"ஆமாமா. கடல் காத்து."

விமான நிலையத்தில் அவள் அழைத்துப்போன வாசலில் 'நீஸ்' என்று எழுதியிருந்தது. சபினோ அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"அசுந்தா, இது நீஸுக்குப் போற வரிசை!"

"மலிவு விமானம் எது சொன்ன ஊர்ல இறக்குது, சபினோ?"

அவன் மனத்துக்குள் வரைபடத்தை விரித்தான். நீஸுக்கும் மியூனிக்குக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலை உட்கார்ந்திருந்தது. ஒரு கேள்வி கேட்டால் தெளிந்துவிடும். கேட்டால் அவள், "எந்த மியூனிக்கு?" என்பாள். ஆகவே கேட்காமலே ஏறினான்.

இருக்கைக்குக் கட்டணம் கட்டியிருந்தது அவளுக்கு மட்டும் என்பது உள்ளே போனபின் தெரிந்தது. அவளுக்கு ஜன்னலோரம், அவனுக்கு இரண்டு பருமனான ஆட்களுக்கு நடுவே ஓர் இடுக்கு. கோட்டுக்குள் தோல் வெந்தது. தண்ணீரின் விலையைக் கேட்டுத் தாகத்தையே விழுங்கினான். மலிவு விமானத்துக்கு இறக்கம் உண்டு, இரக்கம் கிடையாது.

நீஸில் வாசலிலேயே ஒரு பேருந்து நின்றது. நெற்றியில் மொனாக்கோ என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

"பார்த்தியா, மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்கன்னு சொன்னியே," என்றாள் அசுந்தா.

சபினோ ஓட்டுநரிடம் ஓடினான். "அண்ணே, மொனாக்கோ எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

ஜெர்மனி இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதா என்று வியந்தபடி ஏறினான். வலப்பக்கம் கடல் வந்தது. ஏரியாக இருக்கும் என்று எண்ணினான். ஏரி முடியவே இல்லை.

இறங்கியபோது எதிரே பனைமரங்களும் வெள்ளைப் படகுகளும் நின்றன. கொதித்துப்போய்க் கோட்டைக் கழற்றினான். வைரத் தோடு போட்ட கிழவி ஒருத்தி, அவனை ஏதோ விளம்பரத்துக்கு வந்தவன் என்று நினைத்துப் படம் எடுத்தாள். தோல் கால்சட்டை அந்தக் கணமே தோல்விக் கால்சட்டை ஆனது.

"இது... எந்த மொனாக்கோ?"

"எனக்கு நீ சொன்ன மொனாக்கோ."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது? கண்ணாடியே போடலையே!"

"முப்பது வருஷமாக் கூட இருக்கே. என் கண்ணாடி தூரத்துக்குத்தான்னு தெரியாதா? பொடி எழுத்து எனக்கு வெறுங்கண்ணாலயே தெரியும். பவேரியா நல்லாவே தெரிஞ்சுது."

சபினோ கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். பீர் போனது போகட்டும். அவன் விரல்விட்டுக் காசை எண்ணினான்.

"அப்ப அந்த பவேரியா டிக்கெட்? வீணாப் போச்சா?"

"நமக்கு நீஸ் டிக்கெட் உன் அட்டையிலதான் எடுத்தேன். அதுக்காக உன் காசை வீணாக்குவேனா? பேரை மாத்திட்டேன்."

"பேர் மாத்த டிக்கெட்டை விட ரெண்டு மடங்கு கேப்பானே!"

"கட்டணம்னா கட்டணும்."

"யார் பேருக்கு மாத்தினே?"

அவள் பதில் சொல்லுமுன் அவன் செல்பேசி அடித்தது. ருஜ்ஜேரோ. திரையில் பெரிய கூடாரம், பித்தளை வாத்தியம், நீண்ட மேசை. சபினோவுக்கென்று வைத்த நாற்காலியில் மாமியார் அமர்ந்து கோழி கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமனார், மீசையெல்லாம் நுரையாக, இரண்டு கையாலும் குவளையைத் தூக்கினார்.

"மாப்பிள்ளே! முப்பது வருஷமா உங்களைக் கஞ்சன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மன்னிச்சுடுங்க!"