திருத்தணிக்குப் போன கொரியாக்காரி

கஜபதியாகிய நான், என் பெண்டாட்டி கஸ்தூரியை இனிமேல் அழவிடுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த சபதம். சேக்காட்டில் எங்கள் தெருவைக் கேட்டாலே சொல்லும், அவள் அழாத நாள் கிடையாது. குக்கர் விசில் அடித்தால் அழுவாள். அடிக்காவிட்டாலும் அழுவாள். போன ஐப்பசி மழையில் எங்கள் ஒரே பெண் கிருஷ்ணப்பிரியா காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து இப்படி.

நான் அழவில்லை. அன்றைக்கு எனக்கு எங்கே நேரம்? பந்தல்காரனுக்குச் சொல்லணும், ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும், வந்தவர்களுக்கு டீ சொல்லணும். அதற்கப்புறம் சௌகரியப்படவில்லை. சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அது வயிற்றுக் கோளாறு. ராத்திரி தூக்கம் வராது. அது கொசு. மற்றபடி ஆள் திடமாகத்தான் இருந்தேன்.

சபதம் எடுத்த அன்றைக்கே சோதனை வந்தது. கஸ்தூரி டிவியில் ஒரு கொரியாப் படத்தைப் போட்டு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். எங்கள் பாப்பா பிரியா பாதி பார்த்துவிட்டு வைத்த படமாம்.

"அவுங்க பேசறது ஒண்ணும் புரியல. கீழ இங்கிலீஷ்ல ஓடுது. நீ படிச்சுச் சொல்லுய்யா."

தமிழில் கிடையாதா என்றேன். கிடையவே கிடையாது என்று சூடம் அணைக்காத குறையாகச் சொன்னாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆவடி பாக்டரியில் எங்கள் செக்‌ஷனுக்கு இங்கிலீஷ் சர்க்குலர் வந்தால் படித்து அர்த்தம் சொல்வது நான். சரி என்று உட்கார்ந்தேன். பிரியா இருந்தபோது "நைனா, வந்து பாரேன்" என்று இந்தக் கொரியாப் படங்களுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஹீரோவைப் பார்த்து, ஆம்பளைக்கு எதுக்குடி லிப்ஸ்டிக் என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வேன்.

படம் ஜோடி நடனப் போட்டியைப் பற்றியது. நம்ம ஊர்க் குத்தாட்டம் இல்லை. ஆணும் பெண்ணும் கையைப் பிடித்து, இடுப்பை வளைத்து, எண்ணெய் கொட்டின தரையில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறார்கள். ஆம்பளை முதுகில் ஒரு நம்பர் குத்தியிருக்கிறது. சுற்றி நின்று மார்க் போடுகிறார்கள். ஒரு மெக்கானிக்கும் அவனுடைய ஜோடிப் பெண்ணும் பைனலுக்கு வந்துவிட்டார்கள். ரெண்டு பேருக்கும் காதல். ஆனால் வாயைத் திறந்து சொல்வேனா என்கிறார்கள். அதுவரைக்கும் வரிக்கு வரி யோக்கியமாகத்தான் படித்தேன்.

அப்புறம் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது.

எனக்குப் பகீர் என்றது. ஓரக்கண்ணால் கஸ்தூரியைப் பார்த்தேன். செத்தோம், இன்றைக்கு வீடு மூழ்கப் போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் மூளை வேலை செய்தது. கீழே ஓடுகிற இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாதே! நான் சொல்வதுதானே கதை?

"இன்னா சொல்றாரு டாக்டரு?"

"சாதா ஜுரம்தானாம். கஞ்சி குடின்றாரு."

"பின்ன அந்தப் பொண்ணோட அம்மா ஏன் அழுவுறாங்க?"

"கஞ்சில உப்பு இல்லியாம்."

"இப்ப கட்டிலு காலியா கீதே. பொண்ணு எங்க?"

"டிஸ்சார்ஜு. பெரியம்மா ஊட்டுக்குப் போயிருக்கு."

"எந்த ஊரு?"

விடமாட்டாள் போலிருக்கிறதே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "நம்ம திருத்தணி மாதிரி ஒரு ஊரு. மலை, கோயிலு எல்லாம் கீது. ரெஸ்ட் எடுத்துட்டு வந்துடும்."

கஸ்தூரி தலையாட்டிக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இந்த யோசனை முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று வருத்தமாகக்கூட இருந்தது.

பைனல் வந்தது. எல்லாரும் ஜோடி ஜோடியாக நின்றார்கள். அந்தப் பையன் மட்டும் தனியாக வந்தான். முதுகில் நம்பர் இருந்தது. ஒரு கையை உயர்த்தினான். இன்னொரு கையை, ஒரு முதுகைத் தாங்குகிற மாதிரி வளைத்துக்கொண்டான். யாருமே இல்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். அவள் சுற்ற வேண்டிய இடம் வந்ததும் கையைத் தூக்கிப் பிடித்து, அவள் சுற்றி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான். மார்க் போடுகிறவர்கள் பேனாவைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு எங்கய்யா?" என்றாள் கஸ்தூரி. "திருத்தணிலேருந்து இன்னும் வரலியா?"

கீழே ஒரு வரியும் ஓடவில்லை. நானாகத்தான் சொல்லணும். பஸ்ஸு லேட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பஸ்ஸு" வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் "பாப்பா" என்றுதான் வந்தது. என் கண்ணே, என் தங்கமே, நைனாவை விட்டுட்டுப் போயிட்டியே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். எங்கே இருந்து வந்ததோ, நிற்கவே இல்லை.

கஸ்தூரி டிவியை நிறுத்தினாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள், இந்தப் படம் தமிழிலும் இருக்கிறதாம். பக்கத்து வீட்டு சுதாவோடு உட்கார்ந்து போன வாரமே பார்த்துவிட்டாளாம். என்னை உட்கார வைக்கத்தான், கீழே இங்கிலீஷ் ஓடுகிற மாதிரி சுதாவிடம் மாற்றித்தரச் சொன்னாளாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி, உன்ன அழவுடக் கூடாதுன்னு நான் எவ்ளோ பொய் சொல்லிகினு கீறேன்..."

"ஒரு வருசமா ரெண்டு பேரு அழுகையையும் நான் ஒருத்தியே அழுதுகினு கீறேன்யா," என்றாள். "இனிமே உன்னுத நீ அழு."