பாறைப் பிள்ளையாருக்கு ஒரு பிரதட்சிணம்

வேலூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எங்கே வெயில் அடித்தாலும் "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்காவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. எனக்கு அந்த வியாதி நெவாடா பாலைவனத்தில் பூரணமாகக் குணமாயிற்று. வைத்தியத்தில் உள்ளங்கால் தோல் போனதுதான் மிச்சம்.

அது 2004 ஜூலை. சான்டா கிளாராவில் குடியிருந்தோம். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில். என் மனைவி கல்பனா வீட்டில். சேலத்துப் பெண், ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. டிபென்டன்ட் விசா என்பதால் வேலைக்குப் போக முடியாது. இரண்டு வருடமாக அபார்ட்மென்ட் வாசலில் அழகுக்குக் கொட்டியிருந்த கூழாங்கற்களைப் பொறுக்கி, "இது குவார்ட்ஸ், இது பசால்ட்" என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். (நான் டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.) அமெரிக்காவில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. லாஸ் வேகஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு சிவப்புப் பாறைக் காடு இருக்கிறது. அதில் அலை அலையாக வரி ஓடிய ஒரு பாறை. பாடப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்ததை நேரில் பார்க்க வேண்டும்.

"பாறை ஆகறதுக்கு முன்னாடி அதெல்லாம் மணல் மேடுங்க. அந்த வரியைப் பாத்தே காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு சொல்லிடலாம்."

"எப்ப அடிச்ச காத்து?"

"டைனோசர் காலத்துக் காத்து."

அட, என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. லாங் வீக்கெண்டில் ஒன்பது மணி நேரம் டிரைவ் பண்ணி வேகஸில் ஒரு மோட்டலில் இறங்கினோம். கையில் இருந்தது ஒரே ஒரு நாள். மறுநாள் திரும்பியாக வேண்டும்.

"காலைல ஆறு மணிக்கே போயிடலாங்க. அப்புறம் வெயில் தாங்காது" என்றாள்.

"யார்கிட்ட? வேலூர்க்காரன்கிட்டயா?" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். எழுந்த பிறகும் சும்மா இருந்தேனா? தயிர்சாதம் இல்லாமல் கிளம்பமாட்டேன் என்றேன். மோட்டல் பாத்ரூமில் ரைஸ் குக்கரைச் செருகி, ஆவி பட்டு அலாரம் அடித்துவிடுமோ என்று கதவிடுக்கில் டவலை அடைத்து, சாதம் வடித்து, ஆறவைத்து, பிசைந்து, ஐஸ் பெட்டியில் வைத்து நாங்கள் பார்க்குக்குள் நுழைந்தபோது பதினொன்றரை. கார்க் கண்ணாடியில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி என்று சிவப்பாக எரிந்தது. கதவைத் திறந்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இதெல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்தேன். கல்பனா குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பாதை ஓரத்தில், தும்பிக்கையைத் தரையில் ஊன்றி நிற்கும் ஒரு முழு யானை. கல் யானை.

"காத்தும் மழையும் அரிச்சு அரிச்சு அப்படி ஆயிருக்கு" என்றாள் கல்பனா.

"பிள்ளையார்!" என்றேன் நான்.

என் கிரீன் கார்டு அப்ளிகேஷன் ஒன்றரை வருடமாக அசையாமல் கிடந்தது. அது வந்தால்தான் கல்பனா வேலைக்குப் போக முடியும். வழியில் பிள்ளையாரே வந்து நிற்கும்போது மூன்று சுற்றுச் சுற்றாமல் போவதா? ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பாறை நிழலில் வைத்தேன். (கோயிலில் ஷூவோடு சுற்றுவார்களா என்ன?)

"ஏங்க, வேண்டாங்க! மணல் கொதிக்கும்!"

"நிழல்ல ஜில்லுனுதான் இருக்கு, பாரு."

நிழலில் ஜில்லென்றுதான் இருந்தது. கையைக் கூப்பிக்கொண்டு பிள்ளையாரின் பின்பக்கம் திரும்பினேன். அங்கே நிழல் இல்லை. மூன்றாவது அடியில் விஷயம் புரிந்தது. ஐந்தாவது அடியில் பாதிச் சுற்று வந்துவிட்டேன். முன்னால் போனாலும் அதே தூரம், திரும்பினாலும் அதே தூரம். திரும்பியிருக்கலாம். ஆனால் பிரதட்சிணத்தை இடமாகச் சுற்றினால் அப்ளிகேஷனும் திரும்பி வந்துவிடுமே என்ற பயம்! "ஐயோ, அப்பா, பிள்ளையாரப்பா" என்று ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்தபடி முன்பக்கமே வந்தேன். அங்கே நின்றிருந்த ஒரு அமெரிக்கக் குடும்பம் இதை ஏதோ சடங்கு நடனம் என்று நினைத்து, அப்பா தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். குழந்தைகள் கை தட்டின.

கார் வரை எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். கல்பனா தயிர்சாத டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, ஐஸ் உருகிய தண்ணீரில் என் கால்களை வைத்தாள். இரண்டு பாதமும் பூரி மாதிரி உப்பியிருந்தன. பிரேக்கை மிதிக்கக்கூட முடியாது.

"ரூமுக்குப் போயிடலாமா?" என்றேன் மெதுவாக.

அவள் பாறைகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு வருடத்தில் கேட்ட ஒரே விஷயம். அதையும் என் வாய்க் கொழுப்பில் கெடுத்துவிட்டேன்.

பிறகு அவள் சாவியை எடுத்தாள். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகியும் "ஃப்ரீவே எல்லாம் உனக்குச் சரிப்படாது" என்று நான் ஓட்டவிடாத அதே காரை ஸ்டார்ட் பண்ணி, நேராக அந்த வரிப் பாறைக்கு விட்டாள். பாறை ரோட்டிலிருந்தே தெரிந்தது. ஏசியை ஓடவிட்டு, "பத்தே நிமிஷம்" என்று இறங்கினாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து என் இடது ஷூவைத் தூக்கிக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"போட்டோல அளவு காட்ட ஏதாவது பக்கத்துல வைக்கணும். நாங்க வழக்கமா வைக்கற சுத்தியல் கொண்டுவரல."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குடையும் கேமராவுமாக அந்த அலைகளுக்கு நடுவே குனிந்து, கையால் வரியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கால் எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் சான்டா கிளாரா வரை ஒன்பது மணி நேரமும் அவள்தான் ஓட்டினாள்.

கிரீன் கார்டு மேலும் நான்கு வருடம் கழித்து வந்தது. (மூன்று சுற்று வேண்டிக்கொண்டு ஒன்றோடு நிறுத்தினால் அப்படித்தான்.) கல்பனா இப்போது கல்லூரியில் ஜியாலஜி சொல்லித் தருகிறாள். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் காட்டுவது அந்தப் போட்டோதான்: சிவப்பும் வெள்ளையுமாக அலையடிக்கும் பாறை, நடுவில் என் ஷூ. அதன் மூக்கு, டைனோசர் காலத்துக் காற்று அடித்த திசையைக் காட்டுகிறது. யாருடைய ஷூ என்று யாராவது ஒரு பையன் கேட்காமல் இருப்பதில்லை.

அதே போட்டோ எங்கள் ஹாலிலும் மாட்டியிருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த ஒருவர், "சார், நீங்க இந்தப் போட்டோல இல்லையே?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"ஹீ இஸ் தேர், அங்கிள். சைஸ் நைன்."