மோப்பக்காவின் வாசலில் தைலத்துக்கு இடமில்லை

பொகவந்தலாவைப் பக்கத்தில் மோப்பக்காவின் மூக்குக்குத் தப்பிய தாய் ஒருத்திகூடக் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் அவர். அம்மாமார் மலையில் கொழுந்து பறிக்கும்போது கைக்குழந்தைகள் அங்கேதான் இருக்கும். காலை பத்து மணிக்குப் பால் கொடுக்க அவர்கள் இறங்கி வருவார்கள். மோப்பக்கா வாசலில் நின்று, ஒவ்வொருத்தியின் கழுத்தருகிலும் மூக்கை நீட்டி ஒரு இழுப்பு இழுப்பார். தைல வாசம் வந்தால் உள்ளே விடமாட்டார்.

எங்கள் ஊரில் தலைவலி, தடிமன், மாமியார் சண்டை எல்லாவற்றுக்கும் தைலம்தான் மருந்து.

"நெஞ்சுல அப்பிக்கிட்டு வந்தா புள்ள பாலக் குடிக்குமா, தைலத்தக் குடிக்குமா? போங்கடி பீலிக்கு!" என்று விரட்டுவார். பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். ஒருமுறை பார்வையிட வந்த தோட்டத்துத் துரையையே மோந்து பார்த்துவிட்டு, "ஐயா, சிகரட்டு வாசம் போனப்பொறவு வாங்க" என்று கதவைச் சாத்தினார். பாவம் துரை, அரை மணி நேரம் ரோட்டில் நடந்தார்.

நான் பிள்ளைக்காம்பராவை ஒட்டியிருந்த தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். என் ஐந்து மாத மகளையும் மோப்பக்காவிடம்தான் விட்டிருந்தேன். டீச்சர் என்பதால் எனக்குச் சலுகை உண்டென்று ஒரு நினைப்பு.

ஓர் அடைமழைக் காலத்தில் எனக்கு மூக்கொழுகத் தடிமன் பிடித்தது. என் வீட்டுக்காரர் உடனே டாக்டராகிவிட்டார். "பால் குடுத்தா புள்ளைக்கும் ஒட்டிக்கும்" என்று புட்டிப்பால் கரைத்தார். நோர்வூட் டவுனுக்குப் போய் மூக்கொழுகலுக்கு மாத்திரை வாங்கி வந்தார். கழுத்திலிருந்து நெஞ்சுவரை தைலத்தால் மெழுகினார். மாத்திரை பிரமாதமாக வேலை செய்தது. மூக்கு காய்ந்தது, இரண்டாம் நாள் பாலும் குறைந்தது. மகளோ புட்டியைத் தள்ளித் தள்ளி அழுதாள். மூன்றாம் நாள் அவள் அழுகை வகுப்பறைக்கே கேட்டது. பால் அடியோடு நின்றுவிடுமோ என்ற பயத்தில், இடைவேளை மணி அடித்ததும் ஓடினேன்.

மோப்பக்கா வாசலை மறித்தார். ஒரே இழுப்பு.

"கழுத்துல இருக்கிறது நேத்து பூசுனது. நெஞ்சுல இருக்கிறது இன்னிக்குப் பூசுனது. படிச்சவங்கதானே டீச்சரம்மா நீங்க?"

"பால் குடுக்கிறத நிப்பாட்டிட்டேனக்கா. எனக்குத் தடிமன்..."

"தடிமனுக்கும் பாலுக்கும் என்னங்க சண்டை? மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். அவர் மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கூடியிருந்த அம்மாமார் முன்னால் நான் மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"அத நிப்பாட்டுங்க, பாலைக் கொறைக்கும்" என்றார் மிஸ். "காய்ச்சல், ஒடம்பு வலி இருந்தா அளவோட பரசிட்டமோல் போதும். ஆவி புடிங்க, சுடுதண்ணி நெறைய குடிங்க. பாலை மட்டும் நிப்பாட்டாதீங்க. தடிமன எதிர்க்கிற சக்தியே அதுலதான் புள்ளைக்குப் போகுது. கையைக் கழுவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டுக் குடுங்க. காய்ச்சல் விடாட்டி, மூச்சு விடக் கஷ்டமா இருந்தா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"கேட்டீங்கள்ல? பீலிக்குப் போங்க" என்றார் மோப்பக்கா.

நடுங்க நடுங்கக் கழுவிக்கொண்டு வந்தேன். வெளுத்த துணியொன்றை எடுத்து என் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டார். முகமூடிக் கள்ளியைப் பார்த்து மகள் திகைத்தாள். பிறகு ஆவேசமாகப் பிடித்துக்கொண்டாள். அன்று கொஞ்சம்தான் சுரந்தது. அதற்காக மோப்பக்கா விடவில்லை. ஒரு வாரம், பாட நேரத்திலேயே வகுப்பு ஜன்னலில் தலையை நீட்டி, "டீச்சரம்மா, புள்ளைக்குப் பசி!" என்று கத்தினார். நாற்பது பிள்ளைகள் கெக்கலி கொட்டினார்கள். என் மானம் போனது. பால் திரும்பி வந்தது.

போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு கொத்மலைக்குப் போனேன். மோப்பக்கா இப்போது அங்கே தங்கையோடு இருக்கிறார். மகளுக்குப் பதினொரு வயது. வாசலில் நின்று பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டினேன்.

"மூக்கு போயிருச்சு டீச்சரம்மா. இப்ப ஒரு வாசமும் தெரியிறதில்ல" என்று சிரித்தார். பிறகு மகளை இழுத்து, அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து நீளமாக இழுத்தார்.

"என்னக்கா வருது?"

"ஒன்னும் வரல" என்றார். தலையை மட்டும் விடவில்லை.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தடிமன் இல்லை.