நிச்சயப் புடவையை ஸ்பானிஷில் தாரை வார்த்த கதை

ஒரு மொழியில் ஒரே ஒரு வாக்கியம் தெரிந்தவன், எதுவுமே தெரியாதவனைவிட ஆபத்தானவன். என் தங்கை தேன்மொழியின் நிச்சயதார்த்தத்தில் அந்த ஆபத்து நான்தான்.

அப்போது ஆன்லைனில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன் (சுற்றுலா வழிகாட்டி ஆகிவிடும் கனவு). ‘உனக்கு’, ‘அதை’ எல்லாம் வினைச்சொல்லுக்கு முன்னால் வரும் பாடத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்தேன். ‘தே லோ தோய்’ என்றால் ‘உனக்கு அதைத் தருகிறேன்’. அது மட்டும் தூக்கத்திலும் வரும். ‘அவளிடம் அதைக் கொடு’ என்று மாற்றச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

புதுச்சேரியில் தங்கியிருந்த இசபெல் என்ற ஸ்பெயின் பெண்ணை அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்து வந்தேன். சொந்தக்காரர்கள் முன்னால் பேசிக் காட்டத்தான், வேறெதற்கு?

மாப்பிள்ளை வீட்டார் கிருமாம்பாக்கத்திலிருந்து வரிசைத் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். அரக்குப் பட்டுப்புடவை இருந்த தட்டைத் தொட்டுப் பார்த்து இசபெல் ஏதோ புகழ்ந்தாள். மாமாக்கள், சித்திகள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பெருமை தாங்கவில்லை.

“தே லோ தோய்!” என்றேன் கணீரென்று.

அவள் கண் கலங்கிப் புடவையோடு உள்ளே போனாள். வெள்ளைக்காரி புடவை கட்டுகிறாள் என்ற குஷியில், அது யார் கொண்டுவந்த புடவை என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கவே இல்லை. மடிப்பு வைத்து, பூ வைத்து, கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போட்டோகிராபர் அவளை மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படமும் எடுத்துவிட்டார்.

எங்கள் பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பவள்தான் பெண். மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்தார்.

“இன்னாங்க இது? நாங்க எடுத்தாந்த பொடவைய யாரோ கட்டிக்கினு நிக்குது! தட்டும் மாத்த வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்புங்க எல்லாம்!”

தேன்மொழி பட்டினி கிடந்து அப்பாவிடம் சம்மதம் வாங்கிய மாப்பிள்ளை அவர். கதவோரம் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“டேய், அவள திருப்பிக் குடுக்கச் சொல்லுடா!” என்றார் அப்பா.

தங்கையைக் காட்டினேன், புடவையைக் காட்டினேன், வியர்த்தேன். வாயில் வந்தது “தே லோ தோய்!”தான். இசபெல் நன்றி சொல்லிப் பழத்தட்டை எடுத்துக்கொண்டாள். பதறிப்போய் இன்னும் அழுத்திச் சொன்னேன். வளையல் தட்டும் போயிற்று.

“வாய மூட்றா! மாப்ளையையும் சேத்துக் குடுத்துடப் போற!” என்று கத்தினார் அப்பா.

கடைசியில் தேன்மொழியே வந்தாள். “அக்கா, அது என்னுது. உள்ள வாங்க” என்று பச்சைத் தமிழில் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இசபெல்லுக்கு உடனே புரிந்துவிட்டது! கொஞ்ச நேரத்தில் தேன்மொழி அரக்குப் பட்டிலும், இசபெல் என் அம்மாவின் நூல்புடவையிலும் வந்தார்கள். இசபெல் பெரியம்மாவின் காலிலேயே விழுந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட, தட்டு மாற்றினார்கள்.

நான் வழிகாட்டி ஆகவில்லை. ஆல்பத்திலிருந்து, இசபெல் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும் அந்தப் படத்தை எடுக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. போன தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தபோது, தேன்மொழியின் மகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“மாமா, அப்பாவோட மொத பொண்டாட்டிய நீதான் கூட்டியாந்தியாமே?”

அவள் அப்பா இன்றுவரை இல்லை என்று சொன்னதே கிடையாது.