சுருட்டு பெற்ற அமைதிச் சான்றிதழ்

மெல்பேர்னின் வடக்கு விளிம்பில் ஒரு நகரசபை உண்டு. பெயரைச் சொன்னால் "எங்களையா சொன்னீர்கள்?" என்று நான்கு நகரசபைகள் கடிதம் எழுதும் என்பதால் பெயர் வேண்டாம். அச்சபை புத்தாண்டுதோறும் குடிமக்களின் களிப்புக்காகப் பன்னிரண்டு நிமிடம் வாணவேடிக்கை நடத்தும். அதற்கு வெருண்டோடும் நாய்களை அதே சபை பிடித்து அடைக்கும். இரு கைகளுக்கும் வேலை கொடுப்பதன்றோ நல்லாட்சி!

நிறத்தாலும் நீளத்தாலும் சுருட்டு என்று பெயர் பெற்ற அனோஜினியின் நாய், இரண்டு புத்தாண்டுகளில் வேலி பாய்ந்து பிடிபட்டது. கார்த்திகையில் கடிதம் வந்தது: "தங்கள் நாய் மூன்றாம் முறையும் தப்பியோடுமாயின் மீள ஒப்படைக்கப்படமாட்டாது. அங்கீகரிக்கப்பட்ட அமைதிப் பயிற்சியில் பங்குபற்றிச் சான்றிதழ் பெறுக." கணவர் காலமான பின், அவள் வாசற்கதவில் திறப்பைப் போடும் ஓசைக்கு எழுந்து வருகின்ற ஒரே சீவன் அந்த நாய்தான். அனோஜினி அழுகிறவள் அல்லள். தொலைபேசியை எடுத்தாள். சபையின் விலங்கு மனநல இணைப்பாளர் டிலுக்சன் பேசினான்.

"தம்பி, நீங்கள் வெடியை விடாட்டி நாய் ஓடாதே?"

"அது ஈவென்ட்ஸ் டிப்பார்ட்மென்ட், அன்ரி. நான் அனிமல்ஸ்."

"ரெண்டு பேரும் ஒரே கட்டிடத்திலதானே இருக்கிறியள்?"

"வேற வேற மாடி அன்ரி."

தமிழ் வீட்டு நாய்களைத் தாய்மொழியிலேயே அமைதிப்படுத்த வேண்டும் என்பது சபையின் புதிய பன்மைப் பண்பாட்டுக் கொள்கை. ஆகவே பயிற்சி, தமிழ்ச் சங்கத்திடம் கையளிக்கப்பட்டது. சங்கத் தலைவர் அருமைநாதன் நாய் வளர்த்தவர் அல்லர். எனினும் பதினேழு ஆண்டுகளாகத் தலைமைப் பதவியை வளர்த்து வருபவர்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். மண்டபத்தில் நூற்று நாற்பது மனிதர், இருபத்தேழு நாய்கள், ஒரு குத்துவிளக்கு.

"அண்ணை, நாய்க்கு என்னத்துக்கு விளக்கு?" என்றாள் அனோஜினி.

"விளக்கேத்தாம எங்கட சனம் எதைத் தொடங்கினது, பிள்ளை?"

உடலைத் துணியால் இறுகச் சுற்றினால் நாய்க்கு அச்சம் தணியும் என்று சபையின் கைந்நூல் கூறியது. துணிக்குச் சங்கத்தில் பஞ்சமில்லை. ஊரிலுள்ள தோள்களிலெல்லாம் ஏறி இறங்கிய பொன்னாடைகள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. ஒவ்வொரு நாயும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கப்பட்டு, பொன்னாடை சுற்றப்பட்டு, படம் பிடிக்கப்பட்டது. அதற்குமுன் பொன்னாடை கிடைத்திராத மூவர் முகம் சுளித்தார்கள்.

பின்னர் தலைவர் உரை: "வாணவேடிக்கையும் நாயும்: ஒரு வரலாற்று நோக்கு." பதினைந்தாம் நிமிடத்தில் குரைப்பு நின்றது. நாற்பதாம் நிமிடத்தில் சுருட்டு குறட்டை விட்டது. டிலுக்சன் படிவத்தோடு மண்டபத்தைச் சுற்றி வந்தான். கண்கள் மூடியுள்ளனவா? ஓசைக்கு அசைவில்லையா? வினா எழுப்பவில்லையா? மூன்றுக்கும் சரி போட்டான். போட்டுக்கொண்டே போனான்.

தொண்ணூறாம் நிமிடத்தில் "இத்துடன் நிறைவு செய்கின்றேன்" என்றார் தலைவர். விழித்தெழுந்த கூட்டம், பதினேழு ஆண்டுகளில் தட்டாத கைதட்டலைத் தட்டியது. சிற்றுண்டிக்கு ரோல்ஸ் எடுக்கப் போனவர்கள் பின்கதவைத் திறந்தே விட்டிருந்தார்கள். இருபத்தேழு பொன்னாடைகள் அதன் வழியே பறந்தன.

சுருட்டைச் சபை வாகனம் சந்தியில் பிடித்தது. டிலுக்சன் தலையைக் குனிந்தான்.

"சொறி அன்ரி. மூண்டாம் தரம்."

"காரணத்தை எழுதும்."

அவன் கையடக்கக் கணினியைத் தடவினான். "இதில இருக்கிற காரணம் மூண்டுதான்: வாணவேடிக்கை, இடிமுழக்கம், ரெண்டும். கைதட்டல் இல்லை அன்ரி."

"அப்ப?"

"காரணம் போடாட்டி சேவ் ஆகாது."

"சேவ் ஆகாட்டி?"

அவன் திரையை அணைத்தான். "நாய் ஓடவேயில்லை, அன்ரி."

ஓடாத நாயை அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. சுருட்டு பொன்னாடையுடன் மீண்டது.

சபை இந்நிகழ்வைச் சாதாரணமாக விட்டுவிடவில்லை. விசாரணை நடத்தி, நாய்களுக்குக் கேடான ஓசை எதுவென்று கண்டறிந்து, அம்மண்டபத்தில் கைதட்டலைத் தடைசெய்தது. வாணவேடிக்கை இருபது நிமிடமாக நீட்டப்பட்டது.

"கை தட்டாட்டி எப்ப முடிக்கிறதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அருமைநாதன் கேட்டார்.

புத்தாண்டு அன்று அனோஜினி யன்னல்களைச் சாத்தி, திரைச்சீலைகளை இழுத்து, சுருட்டுக்குப் பொன்னாடை சுற்றி, தலைவர் அன்று ஆற்றிய உரையின் ஒலிப்பதிவைப் போட்டாள். நாய் ஓடவில்லை.

தை மாதம் சான்றிதழ்கள் வந்தன. எண்ணிக்கை நூற்று அறுபத்தேழு.

"தம்பி, நாய் இருபத்தேழுதானே?"

"ஓம் அன்ரி. ஆனா கண் மூடியிருந்தது, அசையேல்லை, கேள்வி கேட்கேல்லை. ஹோலில எல்லாருக்கும் பொருந்தினது. மனுசர், மிருகம் எண்டு நாங்கள் பாகுபாடு பாக்கிறேல்லை."

ஒருவராவது தம் சான்றிதழைத் திருப்பி அனுப்பியதாகத் தகவல் இல்லை. பலர் கண்ணாடிச் சட்டமிட்டு, பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு அருகில் மாட்டினார்கள். அனோஜினியும் ஆணி அடித்தாள். சான்றிதழில் தேர்ச்சித் தரமும் குறித்திருந்தது. சுருட்டுக்குச் சாதாரண சித்தி. அவளுக்கு விசேட சித்தி.