சாக்கடை தாண்டும் தகுதி

நாடு முன்னேற வேண்டுமானால் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் முறைப்படி குதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மேலிடம் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. அதுவரை கானாவின் வோல்ட்டாப் பக்கத்துப் பிள்ளைகள் முறையே இல்லாமல் கண்டபடி குதித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலம் ஒருவரும் தடுக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

எசினாம் டீச்சரின் பள்ளிக்கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். சாலைக்கும் பள்ளி வாசலுக்கும் நடுவே ஒரு திறந்த சாக்கடை. அதன் மேல் கிடந்த பலகையை ஒரு பெருமழை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பலகை வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. ஆகையால் பிள்ளைகள், டீச்சர்கள், தலையில் பெரிய சட்டியோடு மதியச் சாப்பாடு சமைக்க வரும் அஃபி, எல்லாருமே தினமும் ஒரே தாவாகத் தாவித்தான் உள்ளே வந்தார்கள். அஃபியை ஊரே 'டாவி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும்.

அன்று காலை கல்வி அதிகாரி அவூமே வந்தார். காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் ஒரே தாவு. உள்ளே வந்ததும் வாசலை மறித்து நின்று உத்தரவை வாசித்தார். குதித்தலுக்கு நான்கு நிலைகள் உள. எண்ணுதல், ஆயத்தமாதல், எழும்புதல், இறங்குதல். ஒண்ணாம் வகுப்பாரும், அவ்வகுப்பின் பொருட்டுப் பள்ளிக்கு வருகை தரும் எவரும், மேற்படி நிலைகளில் வகுப்பாசிரியரிடம் சான்று பெறும்வரை குதித்தல் கூடாது.

இரண்டாம் வகுப்புக்காரர்களுக்குப் பழைய பாடத்திட்டம். அவர்கள் பழிப்புக் காட்டிக்கொண்டே தாவி உள்ளே ஓடினார்கள். ஒண்ணாம் வகுப்பு சாக்கடைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றது.

"சார், என் பிள்ளைங்க எப்படி உள்ள வர்றது?" என்றாள் எசினாம்.

"சான்று வாங்கிட்டு வரட்டும்."

"அதை எங்க வாங்குறது?"

"உள்ளதான். உங்க வகுப்புல."

"உள்ள வரணும்னா குதிக்கணுமே சார்!"

"அதுக்குத்தான் சான்று கேட்கிறோம். உத்தரவு தெளிவா இருக்கு மேடம். பதறாதீங்க."

"ஒரு பலகையாவது போடலாமா?"

"பலகை மேல நடக்குறது சமநிலைத் திறன். அது ரெண்டாம் வகுப்புப் பாடம்."

"நான் தூக்கிட்டு வந்துடறேன்."

"அப்ப குதிச்சது நீங்க. பிள்ளைக்கு எப்படி மார்க் போடுறது?"

எசினாம் வேறு வழியில்லாமல் சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பாடத்தை ஆரம்பித்தாள். "குதிப்பதற்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்று அவள் கத்த, "எண்ண வேண்டும்!" என்று அந்தப் பக்கம் மொத்தமும் கத்தியது. 'ஆம்பே' ஆட்டத்தில் கைதட்டிக் கைதட்டிக் குதித்து ஊர்ப் பெண்களையெல்லாம் தோற்கடிக்கும் குட்டி செலாசி கையைத் தூக்கினாள்.

"மேடம், நான் எண்ணிட்டேன். குதிக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறு கண்ணு. இன்னும் மூணு நிலை இருக்கு."

வெயில் உச்சிக்கு ஏறியது. டாவியின் சட்டியிலிருந்து பாமாயிலில் புரண்ட பீன்ஸ் வாசனை சாக்கடையைத் தாண்டிப் போயிற்று. வாசனைக்குச் சான்று தேவையில்லை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதுதான் அன்றைக்கு முதல் சாப்பாடு என்பது எசினாமுக்குத் தெரியும்.

"ஏம்பா ஆபீசரு, பிள்ளைங்க மொகத்தப் பாரு, வாடிக் கெடக்கு. நான் இங்கேருந்தே தட்ட நீட்டிடறேன்" என்றாள் டாவி.

"கொடுத்தல், வாங்குதல் எல்லாம் மூணாம் பருவத்துல வருது டாவி."

"உன் பருவத்துல இடி விழ!"

அவூமே கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீசில் கூட்டம். எந்தக் கூட்டமானாலும் பதிமூன்றாவது அம்சம் சாப்பாடு என்பது நம் நாட்டில் எழுதாத சட்டம். மற்ற பன்னிரண்டுக்கும் தாமதமாகப் போகலாம், அதற்குப் போகக் கூடாது. அவர் காற்சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"சார், உங்ககிட்ட சான்று இருக்கா?" என்று கேட்டாள் எசினாம்.

"எனக்கா?"

"ஒண்ணாம் வகுப்பின் பொருட்டு வருகை தரும் எவரும்னு நீங்கதானே வாசிச்சீங்க?"

அவூமேயின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. யாராவது மேலே எழுதிப்போட்டால்? காலை மெல்லக் கீழே வைத்தார்.

"சரி, இங்கேயே எனக்குத் தேர்வு வைங்க. சட்டுனு முடிங்க."

"வைக்கிறேன் சார். ஆனா வரிசைல வாங்க. அவங்க காலையிலேர்ந்து நிக்கிறாங்க."

பிறகென்ன? ஒவ்வொரு பிள்ளையாக "எண்ணிட்டேன், ஆயத்தம்!" என்று கத்திவிட்டுத் தாவியது. செலாசி நடுவானில் ஒரு கைதட்டும் போட்டாள். அத்தனை பேருக்கும் வாயாலேயே சான்று கொடுத்துச் சட்டிக்கு அனுப்பிவிட்டாள் எசினாம்.

கடைசியில் அவூமே. பீன்ஸ் வாயோடு பிள்ளைகள் சுற்றி நின்று நிலைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் எண்ணினார். ஆயத்தமானார். எந்தக் காலை முதலில் எழுப்புவது என்று மறுபடி எண்ணினார். காலையில் எண்ணாமல் தாவிய அதே சாக்கடையில் இப்போது இடுப்பளவு நின்றார்.

"இறங்குதல் மட்டும் முழு மார்க் சார்" என்றாள் எசினாம். டாவி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அவூமே கெட்டிக்காரர். 'தேர்ச்சி நூற்றுக்கு நூறு. சாக்கடையே காரணம்' என்று மேலே எழுதிவிட்டார். பள்ளிக்குக் கேடயம் வந்தது, எசினாமுக்குத் தலைமைத் தேர்வாளர் பதவி வந்தது. சாக்கடை இல்லாத பள்ளிகளில் வெட்டச் சொல்லி உத்தரவும் வந்தது. பக்கத்துப் பள்ளிப் பெற்றோர் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. "அவங்க பிள்ளைங்களுக்கு மட்டும் சாக்கடை, எங்க பிள்ளைங்கன்னா இளக்காரமா?" என்று மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் புதுப் பலகையும் வந்து சேர்ந்தது. நல்ல தேக்கு. கேடயம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று பெற்றோர் கூடி அதை வந்த லாரியிலேயே திருப்பி ஏற்றினார்கள். ஒரு முனையை எசினாம் பிடித்திருந்தாள்.

"மேடம், அது மேல நடந்து பார்க்கட்டுமா? ஒரே ஒரு தடவ?" என்று கெஞ்சினாள் செலாசி.

"அது ரெண்டாம் வகுப்புப் பாடம்" என்றாள் எசினாம்.